வேலமரத்துக் கல்

மஹாமித், 28 செப்டம்பர் 1996

என் பால் தம்பி ஹம்மாதிக்கு,

புருஷன் போனதற்கு இருக்கும் இத்தா எனக்கு நேற்று முடிந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் உடுத்தியிருந்த வெள்ளைத் துணியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, முதல் வேலையாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் முகவரிக்காக உன் அப்பா வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவைதான் மனுஷர் வாயைத் திறந்தார். ஸ்பெயினில் தக்காளிக் கூடாரத்தில் வேலையாமே. மணலில் வழி காட்டியவன் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் குனிந்து காய் பறிக்கிறான் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். சாலெக்கை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஊரே நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு வாய் கூடத் தொடாமல் பஸ் ஏறினாயே, ஏன்? அவன் எனக்குப் புருஷன் என்றால் உனக்குக் கூட்டாளி. பதினோரு வருஷம் ஒரே ஒட்டகக் கயிற்றைப் பிடித்தவர்கள் நீங்கள். உன் அம்மா பிரசவக் காய்ச்சலில் கிடந்தபோது என் அம்மா எனக்குக் கொடுத்த பாலைத்தான் உனக்கும் கொடுத்தாள். ஒரு வயிற்றில் பிறந்திருந்தால்கூட இவ்வளவு நெருக்கம் இருந்திருக்காது. போகும்போது "அக்கா, போயிட்டு வரேன்"னு ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலித்திருக்குமா?

நீ போன பிறகு ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மணல் பார்க்க வந்த அந்த இங்கெர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை நடு மணலில் விட்டுவிட்டு, சாலெக் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினானாம். அதுகூடப் பரவாயில்லை. வேலமரத்தடியில் கல் சாய்ந்து கிடந்தும், பைத்தியக்காரன் மாதிரி அதன் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தானாம். கல் நின்றால் கீழே வழிகாட்டிகள் புதைத்த தண்ணீர் டப்பா உண்டு, தீர்ந்தால் கல்லைச் சாய்த்துவிடுவார்கள் என்பது இங்கே ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷம் வழி காட்டியவனுக்கு அது தெரியாமல் போயிற்று என்று தேநீர்க் கடையில் நாக்கு கூசாமல் பேசுகிறார்கள். விருந்தாளியை விட்டு ஓடியவன் மகள் வேண்டாம் என்று ரக்கியாவின் நிச்சயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். தள்ளிப்போடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. மாப்பிள்ளையின் அம்மா கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

தேடப் போனவர்களில் அவனிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் நீதான். நீ என்ன பார்த்தாய்? அதை எழுது. செத்தவனை நான் திரும்பக் கேட்கவில்லை. அவன் பேரை மட்டும் கேட்கிறேன்.

உன் அக்கா,
மைமூனா


அல்மேரியா, 25 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். இங்கே கூடாரத்துக்குள் வெயில் நம் ஊர் வெயிலைவிட மோசம். காற்று என்பதே கிடையாது. பறிக்கிறது, பெட்டியில் அடுக்குகிறது, திரும்பப் பறிக்கிறது. தெருவுக்குத் தெரு குழாய். திறந்தால் தண்ணீர். மேஸ்திரி தன் காரைத் தினமும் கழுவுகிறான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

சொல்லாமல் வந்தது தப்புதான். படகு கிடைத்தது, ஏறிவிட்டேன். காகிதம் ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், அதனால் இப்போதைக்கு வர முடியாது.

சாலெக்கைப் பற்றி என்ன எழுத? கல் சாய்ந்து கிடந்தது உண்மைதான். பக்கத்தில் குழி இருந்தது, காலி டப்பா இருந்தது. வேறு ஒன்றும் நான் பார்க்கவில்லை. தாகம் தலைக்கு ஏறினால் மனிதன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அவன் பேரில் குற்றம் இல்லை, வெயிலின் குற்றம். அப்படியே எல்லாரிடமும் சொல். போனது போனதுதான் அக்கா. நீயும் ரக்கியாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து ஊருக்கு வரும் ஒருவனிடம் ரக்கியாவுக்கு ஒரு துணி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீல நிறம், அவளுக்குப் பிடிக்கும்.

தம்பி,
ஹம்மாதி


மஹாமித், 17 நவம்பர் 1996

ஹம்மாதி,

துணி வந்தது. பிரிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன். நான் கேட்டது துணியா?

"வெயிலின் குற்றம்" என்று சொல்லச் சொல்கிறாய். ஊர்க்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. நீ சிரிக்காமல் சொல்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நான் சொல்வதைக் கேள். போன வாரம் இங்கெர் வந்தாள். அதே மூட்டை, அதே செருப்பு. பஸ்ஸிலிருந்து இறங்கி வழி விசாரித்து நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள். நான் முதலில் கதவைச் சாத்திவிட்டேன், பொய் சொல்லவில்லை. இவளுக்காகத்தானே போனான் என்று வயிறு எரிந்தது. அவள் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு ரக்கியாதான் கதவைத் திறந்து உள்ளே கூட்டி வந்தாள். ரக்கியாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு தெரியும் அல்லவா, இரண்டு பேரும் பேசிப் பேசி எனக்குச் சொன்னார்கள்.

மணல் காற்று இரண்டு நாள் அடித்ததாம். ஒட்டகம் கால்கட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர்க் கேன்களோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது அவள் பையில் ஒரு பாட்டில். அதைச் சாலெக் வாயில் வைக்கவே இல்லையாம். நோன்பு என்று சொன்னானாம். எந்த ஊரில் எந்த மாசத்தில் நோன்பு என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பாறை நிழலில் உட்காரவைத்து, தன் தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்தில் சுற்றிவிட்டு, அரை நாள் நடையில் தண்ணீர் இருக்கிறது, நானும் என் மச்சானும் புதைத்தது, பொழுது சாய்வதற்குள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் காலையில் ஆட்டுக்காரர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

ஓடினவனா அவன்?

இன்னொன்றும் இருக்கிறது. போகும் வழியில், காற்றுக்கு முந்தின நாள், அவர்கள் வேலமரத்தைக் கடந்து போயிருக்கிறார்கள். தங்கவில்லை, தோண்டவில்லை. சாலெக் கல்லைக் காட்டி அவளுக்கு விளக்கம் சொன்னான். அவள் ஒரு படம் எடுத்தாள். ஆறு படம் கொண்டுவந்து கொடுத்தாள், அதில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். அவன் கை கல் மேல் இருக்கிறது. சிரிக்கிறான். கல் நிற்கிறது.

அந்தத் தண்ணீர் உங்கள் இருவருடையது. அந்த இடம் வேறு யாருக்கும் தெரியாது. சாலெக் அதைத் தொடவில்லை. பிறகு டப்பா எப்படிக் காலியானது, ஹம்மாதி?

தேநீர்க் கடையில் படத்தைக் காட்டினேன். போகும்போதே குடித்துத் தீர்த்திருப்பான், வெள்ளைக்காரி அவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள். அவர்களை விடு. நீ சொல்.

மைமூனா


அல்மேரியா, 6 டிசம்பர் 1996

அக்கா,

படம் கிடைத்தது. பிறகு எழுதுகிறேன்.

ஹம்மாதி


அல்மேரியா, 29 டிசம்பர் 1996

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும். படித்துவிட்டு நீ என்னைத் தலைமுழுகிவிடுவாய் என்று தெரியும். படம் என் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கவிழ்த்து வைத்தாலும் தெரிகிறது.

தண்ணீரைக் காலி செய்தவன் நான்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், முதுகு மூட்டை வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா, அந்த உயரமான ஜோடி. வேலமரத்தடியில் தங்கினோம். எங்களிடம் குடிக்கத் தண்ணீர் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தலையெல்லாம் மணல், அரிக்கிறது, தாங்க முடியவில்லை என்றாள். எனக்குப் பெரிய மனுஷன் ஆக ஆசை. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று தோண்டி எடுத்துக் காட்டினேன். மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இரண்டு பேரும் தலைக்குக் குளித்தார்கள் அக்கா. குளித்தார்கள். மிச்சத்தில் நான் என் காலைக் கழுவிக்கொண்டேன்.

காலி டப்பாவைத் திரும்பப் புதைத்தேன். கல்லைச் சாய்க்கக் கை வைத்தேன். அப்போது சாலெக்கின் முகம் ஞாபகம் வந்தது. கல் சாய்ந்திருந்தால் ஏன் என்று கேட்பான். உயிர் போகிற தாகத்துக்கு வைத்த தண்ணீரில் குளிக்கவைத்தேன் என்று சொன்னால் காறித் துப்புவான். நாலு நாளில் நானே வந்து நிரப்பிவிடலாம், பிறகு எதற்குச் சாய்க்க வேண்டும் என்று நிற்கவிட்டு வந்தேன். ஊருக்கு வந்தேன். ஸகோராவில் ஒரு கல்யாணம். பிறகு ஒட்டகத்துக்குக் காலில் புண். நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

இதற்கு மேல் உள்ளதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இங்கெரோடு கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சாலெக் என் வீட்டுக்குக் கயிறு வாங்க வந்தான். போகிற போக்கில் கேட்டான்.

"வேலமரத்துத் தண்ணி இருக்குல்ல மச்சான்?"

"கல்லு நிக்குது"ன்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, பார். கல் நின்றுகொண்டுதான் இருந்தது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நிற்கிற கல்லைத் தோண்டிப் பார்ப்பது கூட்டாளியைச் சந்தேகிப்பது என்று நம் ஆட்கள் சொல்வார்களே. அவன் போகும் வழியில் கல் மேல் கையை வைத்துச் சிரித்தானே தவிர, தோண்டிப் பார்க்கவில்லை.

நீ கேட்டாய், நான் என்ன பார்த்தேன் என்று. எல்லாரும் கிழக்கே தேடினார்கள். அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத்தான் தெரியும். தூரத்தில் இருந்தே மரத்தைப் பார்த்தேன், கல்லைக் காணவில்லை. கிட்டே போனேன். அவன் மரத்தின் வேரில் தலை வைத்துப் படுத்திருந்தான். டப்பா மூடி திறந்து கிடந்தது. கல் சாய்ந்து கிடந்தது. அதன் கூர்முனை நரிக் கிணற்றுப் பக்கம், ஒரு விரல்கூடக் கோணாமல், சாய்க்கிற கல்லுக்கு உள்ள முறைப்படி அடுத்த தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் நிற்கவிட்டு வந்த கல் அக்கா அது. ஒரு ஆள் தூக்கக் கஷ்டப்படுகிற கல். தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகு, எஞ்சியிருந்த உசிரில் அவன் அதைச் சாய்த்து, திசை பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். தனக்குப் பின்னால் வருகிறவன் ஏமாறக்கூடாது என்று. அந்தக் கல்லைக் காட்டித்தான் ஊர் அவனைப் பைத்தியம் என்றது. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உன் கையால் தட்டு வாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

ஹம்மாதி


மஹாமித், 20 ஜனவரி 1997

ஹம்மாதி,

படித்தேன். ரக்கியாவும் படித்தாள்.

ஒருத்தி தலைக்குக் குளித்த தண்ணீர். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நோன்பு திறக்கும்போது தண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றுதான் கேட்பேன். நோன்புப் பெருநாளைக்கு வா. தொழுகை முடிந்து எல்லாரும் தேநீர்க் கடை முன்னால் உட்காருவார்கள். அங்கே நின்று நீ எனக்கு எழுதியதை உன் வாயால் சொல். காகிதத்தை நம்பமாட்டார்கள், விதவை தானே எழுதிக்கொண்டாள் என்பார்கள். திரும்பிப் போகக் காகிதம் இல்லை என்று சொல்லாதே. சாலெக்குக்கும் திரும்பி வரக் காகிதம் இல்லை.

பெருநாளன்று உனக்கு ஒரு இடம் விட்டு வைக்கிறேன். அதற்குப் பிறகு விடமாட்டேன்.

மைமூனா


அல்மேரியா, 14 பிப்ரவரி 1997

அக்கா,

வருவதற்காகத்தான் கிளம்பினேன். கூட இருந்தவர்களிடம் பாயையும் பானையையும் கொடுத்துவிட்டு, துறைமுகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கினேன். படகு கண்ணுக்கு முன்னால் நின்றது. எல்லாரும் ஏறினார்கள். தேநீர்க் கடையை நினைத்தேன், அது பரவாயில்லை. மூத்த வழிகாட்டி பூஜெமா கிழவரை நினைத்தேன், அதுவும் பரவாயில்லை. ரக்கியா என்னை மாமா என்று கூப்பிடுவாளா மாட்டாளா என்று நினைத்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படகு போய்விட்டது.

கோழை என்று சொல். சொல்லிவிடு. நீ திட்டி ஒரு கடிதம் போட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கோடைக்குள் நிச்சயம் வருவேன். உன் வீட்டு வாசலில் இங்கெர் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் தம்பி என்று போட்டுக்கொள்ளலாமா?

ஹம்மாதி


மஹாமித், 16 மார்ச் 1997

ஹம்மாதிக்கு,

திட்டமாட்டேன். திட்டுவது சொந்தக்காரர்களுக்கு.

பெருநாளன்று மதியம் வரை உன் இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். பிறகு தட்டை எடுத்துவிட்டு உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனேன். ரக்கியா கூட வந்தாள். பெண்கள் அங்கே போவதில்லை என்று உனக்குத் தெரியும். ஆண்கள் எல்லாரும் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதலிலிருந்து நானே படித்தேன். குளித்த இடம் வரைதான் முடிந்தது. ரக்கியா வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

நான் சொன்னபடியே ஆயிற்று. கையெழுத்து ஹம்மாதியுடையதுதானா என்றான் ஒருவன். ஸ்பெயினில் இருப்பவன் தலையில் எதையும் கட்டலாம் என்றான் இன்னொருவன். மாப்பிள்ளையின் அப்பா தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பூஜெமாவிடம் கேட்டேன். வழிகாட்டிகளில் மூத்தவர், ஊர் அவர் பேச்சைத் தாண்டாது. உனக்கு அடுத்ததாக மரத்தடிக்கு வந்தவரும் அவர்தான். சாலெக்கைத் தூக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் கல்லைப் புரட்டி ஓரமாகப் போட்டவரும் அவர்தான். உன் கடிதத்தைப் படித்துப் படித்து எனக்கு வந்த கேள்வி அது.

"பெரியவரே, கல்லு, தோண்டின மண்ணுக்கு மேல கிடந்துச்சா, கீழ கிடந்துச்சா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையைக் காற்றில் புரட்டிப் பார்த்தார், கல்லைத் திரும்பத் தூக்குகிற மாதிரி.

"மேல"ன்னார். "அடியில தோண்டின மண்ணு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்தும் எனக்கு உறைக்கல."

முன்னாலேயே சாய்ந்து கிடந்த கல் என்றால், தோண்டிய மண் அதன் மேல்தானே விழுந்திருக்கும். தோண்டிப் பார்த்த பிறகுதான் அவன் சாய்த்திருக்கிறான். பூஜெமா எழுந்து போனார். எங்கே என்று கேட்கவில்லை, அவர் பின்னாலேயே எல்லாரும் எழுந்து போனார்கள். சாலெக்கை அடக்கிய கபருக்குத்தான். சத்தமாகப் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்குக் கொடுக்கிற சர்க்கரைக் கூம்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான் யோசித்தேன். ரக்கியா யோசிக்கவில்லை. கூம்பை வாங்கி மாப்பிள்ளையின் அம்மா கையிலேயே திரும்பக் கொடுத்தாள். "எங்க அப்பா பேரு நேத்து வரைக்கும் உங்களுக்குக் கசந்துச்சு. இன்னைக்கு இனிக்க வேண்டாம்"னாள். பையன் நல்லவன்தான். அவள் அறைக்குள் போய் அழுதாள், நான் தடுக்கவில்லை. அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

சாலெக்கின் பேர் திரும்பி வந்துவிட்டது. நான் கேட்டது அதுதான். வந்த பிறகுதான் தெரிகிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ராத்திரியில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து உட்காருகிறேன். அவன் தட்டுகிற விதம் உனக்குத் தெரியும், இரண்டு தட்டு, ஒரு இருமல். அவனை அப்படி எனக்கு நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கிறவன் நீ. அவன் செத்தபோது நான் அழ வேண்டிய தோள் உன்னுடையது. ஒரே நாளில் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டுவிட்டாய். அதற்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

கோடையில் வருவேன் என்கிறாய். ஊர் உன்னுடையதும்தான், வா. உன் அப்பாவைப் பார். என் வாசலில் உட்காராதே. இங்கெருக்குத் திறந்தது ரக்கியா. உனக்கு அவளும் திறக்கமாட்டாள். நான் திறந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன், உட்காராதே. நீலத் துணியை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. போன வாரம் நானும் ரக்கியாவும் பூஜெமாவோடு வேலமரத்துக்குப் போனோம். போகவர நான்கு நாள் நடை. நான் இதுவரை அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அவன் தலை வைத்திருந்த வேரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். புது டப்பா கொண்டுபோயிருந்தோம். இருபது லிட்டர், நம் கிணற்றுத் தண்ணீர். மூடியை நானே இறுக்கினேன். குழியில் வைத்து மூடினோம். மூன்று பேரும் சேர்ந்துதான் கல்லைத் தூக்க முடிந்தது, ஹம்மாதி. அவன் தனியாக எப்படித் திருப்பினான்?

இப்போது கல் நிற்கிறது. கீழே தண்ணீர் இருக்கிறது. இதை நான் உன்னிடம் சொல்கிறேன், நம்பு.

காகிதம் இல்லாததால் வடக்குப் பக்கம் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து நீ மணல் வழியாக வருவாய் என்று பூஜெமா சொல்கிறார். அப்படி வந்தால், தாகமாக இருந்தால், தோண்டிக் குடி. கூச்சப்படாதே, அது யாருக்கும் உள்ள தண்ணீர். குடித்து முடித்த பிறகு கல்லைச் சாய்த்துவிட்டுப் போ.

மைமூனா